முதலில் இறங்கியவர்கள்

கோலார் தங்கவயலின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாட்டுவண்டியில் ஏறித்தான் வருகிறார்கள். 1871-ஆம் ஆண்டு. நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் இருந்துவிட்டு வந்து, பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஓய்வாக இருக்கிறார் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவெல் என்ற அயர்லாந்துக்காரச் சிப்பாய். பொழுதுபோகாமல் படித்த ஒரு பழைய அறிக்கையை நம்பி, அறுபது மைல் வண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போகிறார். 1873-இல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்கிறார். 1875-இல் உரிமம் கிடைக்கிறது, உரிகத்தில் தோண்டத் தொடங்குகிறார். தங்கவயலின் முன்னோடி என்ற பட்டம் அவருக்கு. பெங்களூரின் விலை உயர்ந்த சாலை ஒன்று இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது.

இந்தக் கதையில் எங்கள் ஜனங்கள் எங்கே வருகிறார்கள்? நாலைந்து பத்தி தள்ளி, ஒரே ஒரு வாக்கியத்தில். "பஞ்சத்தில் வாடிய வட ஆற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள்." கொண்டுவரப்பட்டார்கள். இங்கிலாந்திலிருந்து கொதிகலன் கொண்டுவரப்பட்டது, பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவரப்பட்டது என்பதுபோல.

நான் வட ஆற்காட்டு வெம்பாக்கத்துக்காரன். என் பாட்டியின் தகப்பனார் தங்கவயலில் சுரங்கம் இறங்கியவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது மூன்றே செய்திகள். ஒரு மேஸ்திரியோடு போனார். ஆடி மாதக் கூழ் ஊற்றுக்கு மட்டும் ஊர் திரும்புவார். கடைசியில் இருமி இருமிச் செத்தார். பிறந்த வருஷம் தெரியாது, போன வருஷம் தெரியாது. இந்த வெறுமையை இயற்கையானது என்று ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது அந்த மாட்டுவண்டிக் கதை. கூலிக்கு வரலாறு ஏது, வரலாறு முன்னோடிக்குத்தானே என்கிறது. இதைத்தான் நான் மறுக்கிறேன். லவெலுக்கு முன்னோடிப் பட்டம் பொருந்தாது. வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் கொண்டுவரப்பட்டவர்களும் அல்ல.

முன்னோடி என்றால் யார்? இதற்கு ஒரு கறாரான அளவுகோல் வெள்ளைக்காரர்களிடமே இருக்கிறது. 1848 ஜனவரியில் கலிஃபோர்னியாவில், சட்டர் என்பவரின் மரம் அறுக்கும் ஆலைக் கால்வாயில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு உலகமே அங்கே திரண்டது. 1850-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னிய முன்னோடிகள் சங்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். 1850 பிறப்பதற்கு முன் அந்த மண்ணில் கால் வைத்தவரே முன்னோடி, அவருடைய வாரிசுகளே அவருக்குப் பின் உறுப்பினர்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. யார் எந்தக் கப்பலில் வந்தார், யாரை மணந்தார், பேரப்பிள்ளைகள் எத்தனை என்று கொடிவழி வைத்திருக்கிறார்கள். அந்தத் தங்க வேட்டையில் அழிந்த பூர்வகுடிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்பது வேறு துயரம். அளவுகோலை மட்டும் பார்ப்போம். தேதிதான் அளவுகோல். முதலில் யார் வந்தார்?

அதைக் கோலாருக்கு வைத்துப் பாருங்கள். லவெல் படித்த அறிக்கையை எழுதியவர் ஜான் வாரன். திப்பு வீழ்ந்தபின் மைசூர் ராஜ்யத்தின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ராணுவ லெஃப்டினன்ட். 1802-இல் இந்த வட்டாரத்தில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்குச் சன்மானம் தருவதாக அறிவித்தார். உரிகத்து மக்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே கழுவித் தங்கப்பொடியை எடுத்துக் காட்டினார்கள். பிறகு மாரிக்குப்பத்துக்குப் போனார். அங்கே முப்பது அடி, நாற்பத்தைந்து அடி ஆழக் குழிகள். உள்ளே இறங்கிய ஆட்கள் கல்லைப் பெயர்த்துக் கூடையில் போட்டுக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் அதைப் பாறைமேல் போட்டு இடித்து மாவாக்கினார்கள். இவ்வளவையும் எழுதி வைத்தவர் அந்தக் குழியில் இறங்கியவர்களின் பெயரை எழுதவில்லை.

லவெல் வண்டி கட்டியது அதற்கு 69 ஆண்டு கழித்து. கலிஃபோர்னியச் சங்கத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், தாமதமாக வந்தவர் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். மாரிக்குப்பத்தில் இறங்கியவர்கள் எல்லாரும் எங்கள் சீமைக்காரர்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. அங்கே தெலுங்கு பேசியவர்கள் இருந்திருப்பார்கள், கன்னடம் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். அந்த மண்ணில் தங்கத்துக்காகக் குழி இறங்கியவன் வண்டியில் வந்த சிப்பாய் அல்ல என்பதே நான் சொல்வது. அவர் படித்து அறிந்தது, அந்த மக்கள் கையால் அறிந்திருந்ததை.

லவெலின் தங்கவயல் வாழ்க்கைதான் எவ்வளவு காலம்? 1875-இல் தொடங்கினார். கையில் இருந்த பணம் கரைந்தது. 1877-இல் உரிமத்தை பெரஸ்ஃபோர்டு என்ற ராணுவ அதிகாரியும் நண்பர்களும் சேர்ந்த குழுவுக்குக் கைமாற்றிவிட்டார். ஈராண்டு தோண்டிவிட்டு விலகியவர் முன்னோடி, மூன்று நான்கு தலைமுறை இறங்கியவர்கள் கூலிகள் என்றால், முன்னோடி என்ற சொல்லுக்குக் காகிதத்தில் கையெழுத்திட்டவன் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

"சரி, லவெல் வேண்டாம். ஜான் டெய்லர் கம்பெனி இல்லாவிட்டால் தங்கவயல் ஏது?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. 1880-இல் வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தாரின் பொறியியலை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். மூன்று கிலோமீட்டருக்கு மேல் பூமிக்குள் போவதும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவருவதும் அன்றைக்கு உலகமே வியந்த காரியங்கள். ஆனால் அந்த நிறுவனம் பிழைத்த கதையைக் கவனியுங்கள். 1880-களின் தொடக்கத்தில் அங்கிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பணம் தீர்ந்து மூடும் நிலைக்கு வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான மைசூர் கம்பெனியின் பங்குதாரர்கள் மிச்சப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டு போகலாம் என்றார்கள். இன்னும் ஒரு முறை பார்ப்போம் என்று டெய்லர் மன்றாடினார். பிளம்மர் என்ற சுரங்கத் தலைவர் வந்தார். அவர் புது இடம் எதையும் தேடவில்லை. பழங்காலத்தார் தோண்டி, மண் மூடிக் கிடந்த குழிகளுக்கு அடியிலேயே இறங்கினார். அங்கேதான் சாம்பியன் ரீஃப் என்று உலகப் புகழ்பெற்ற தங்கப் படிவம் அகப்பட்டது. பெயர் தெரியாத பழைய மனிதர்கள் எந்த இடத்தில் நிறுத்தினார்களோ அதே இடத்திலிருந்து இங்கிலாந்தின் மூலதனம் தொடர்ந்தது. தோண்ட வேண்டிய இடத்தைக் காட்டிய அறிவு பழைய குழிக்காரர்களுடையது.

அடுத்தது பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் எங்கள் சீமையை அழித்தது உண்மை. 1876 முதல் 1878 வரை வட ஆற்காட்டில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பாட்டிமார் வாயில் அந்தப் பஞ்சம் எண்பது ஆண்டு கழித்தும் இருந்தது. ஆனால் ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சம் முடிந்தது 1878-இல். சாம்பியன் ரீஃப் கிடைத்து, ஆள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது 1885-க்குப் பிறகு. ஊர் ஊராக ஜனங்கள் கிளம்பியது தொண்ணூறுகளிலும் அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலும். மழை பெய்து, ஏரி நிரம்பி, நெல் விளைந்த வருஷங்களிலும் போனார்கள். பசி மட்டுமே துரத்தியிருந்தால் விளைச்சல் வந்ததும் திரும்பியிருக்க வேண்டுமே. ஏன் திரும்பவில்லை?

அதற்கு விடை ஊரிலேயே இருக்கிறது. சேரியில் பிறந்தவன் படியாள். ஆண்டைக்கு உழைத்துப் படியளந்த நெல்லை வாங்கிக்கொள்ள வேண்டியவன். குடிசை போட்டிருக்கும் மனைகூட அவனுடையது இல்லை. எதிர்த்துப் பேசினால் வேலை மட்டுமா போகும், வீடும் போகும். இது என் கற்பனை அல்ல. பக்கத்துச் செங்கல்பட்டு ஜில்லாவில் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பு இதை வரிவரியாகச் சொல்கிறது. மனைக்கட்டு மிராசுதார் பிடியில் இருப்பதே அடிமைத்தனத்தின் ஆணிவேர் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பின் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் வழக்காடும் நிலம் அதுதான்.

இந்தச் சூழலில் ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாகச் சேரியை விட்டுக் கிளம்புகிறான். அட்வான்ஸ் கொடுத்த மேஸ்திரி கூட வருகிறான். பௌரிங்பேட்டையில், அதாவது இன்றைய பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் போகிறான். அங்கே கூலி காசாகக் கிடைக்கும், நெல்லாக அல்ல. ஆண்டையைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்ட வேண்டியதில்லை. மேஸ்திரி கமிஷன் அடிப்பான், கடன் கழுத்தைப் பிடிக்கும், வெள்ளைக்காரன் உதைப்பான். எல்லாம் தெரிந்தும், இரண்டு கொடுமைகளை எடை போட்டு, ஒன்றைத் தேர்ந்தான். கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிய கடன்காரக் குடியானவனும் இதையேதான் செய்தான். அவன் செய்தால் துணிச்சல், இவன் செய்தால் பஞ்சம் பிழைக்கப் போனதா?

வெம்பாக்கம் என்ற பெயருக்கு வேறொரு பெருமையும் உண்டு, அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. திருவிதாங்கூர் திவானாக 1880 முதல் 1887 வரை இருந்த வெம்பாக்கம் ராமய்யங்கார், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் வெம்பாக்கம் பாஷ்யம் ஐயங்கார் ஆகியோரின் பூர்வீகம் இந்த ஊர்ப்பெயரில்தான் இருக்கிறது. அவர்கள் எந்த ஆண்டு பிறந்தார்கள், எங்கே படித்தார்கள், யாருக்கு மகன், யாருக்கு மாமன் என்பது நூலகத்தில் கிடைக்கும். பாஷ்யம் ஐயங்காருக்குச் சென்னையில் சிலையே இருக்கிறது. அவர்கள் அறிவாலும் உழைப்பாலும் உயர்ந்தவர்கள். ஆனால் அதே காலத்தில் அதே சீமையிலிருந்து மேற்கே போன இன்னொரு கூட்டத்துக்கு ஒரு தாள்கூட இல்லை. அவர்கள் வாழ்ந்ததில் எழுத ஒன்றும் இல்லாததாலா? எழுதத் தெரிந்தவர்கள் சேரிப்பக்கம் வரவில்லை என்பதே காரணம்.

கலிஃபோர்னியாவுக்கும் கோலாருக்கும் இருந்த பெரிய வேறுபாடு சட்டத்தில் இருந்தது. அதைப் புரிந்துகொண்டால்தான் எங்கள் ஆட்கள் ஏன் முன்னோடிகளாகத் தெரியவில்லை என்பது விளங்கும். அங்கே ஆற்று மணலை அரித்துக் கண்டெடுத்தவனுக்குத் தங்கம் சொந்தம். தோற்றவன் தோற்றான், வென்றவன் கடை வைத்தான், வங்கி வைத்தான், பிள்ளைகள் சங்கத்தில் உறுப்பினரானார்கள். இங்கே மைசூர் அரசு கம்பெனிகளுக்காகவே சுரங்கச் சட்டம் இயற்றியது. தங்கம் கலந்த கல்லோ ரசக்கலவையோ ஒருவனிடம் இருந்தால், எப்படி வந்தது என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெயில். வாரன் காலத்தில் உரிகத்துக்காரன் கழுவி எடுத்தது சன்மானத்துக்கு உரிய திறமையாக இருந்தது. நூறு வருஷத்தில் அதே வேலை திருட்டானது. தங்கத்தைத் தொட்டவனைத் திருடன் என்று எழுதி வைத்த இடத்தில் முன்னோடி எங்கிருந்து முளைப்பான்?

"கூலி" என்ற சொல்லின்மீது எனக்கு இன்னொரு வழக்கும் இருக்கிறது. அந்தச் சொல் திறமையைக் கழித்துவிடுகிறது. யாரை விட்டாலும் செய்துவிடும் முரட்டு வேலை என்ற எண்ணத்தைத் தருகிறது. கிஃபோர்டு ஷாஃப்ட் போன்ற ஆழமான இடங்களில் பாறையே கொதிக்கும். தோண்டிய வெற்றிடத்தைச் சுற்றிப் பாறை அழுத்தம் ஏறி, ஒரு கணத்தில் வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். தங்கவயலில் மேலே வீட்டில் படுத்திருப்பவர்களுக்கும் அந்த அதிர்ச்சி கேட்கும். பெண்கள் எழுந்து ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் எங்கே மரம் முட்டுக் கொடுப்பது, எந்தப் பாறை எந்த மாதிரி முனகினால் வெளியேறுவது, மருந்து எத்தனை வைத்தால் கல் மட்டும் உடையும், கூரை தாங்கும் என்பதெல்லாம் அப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்த படிப்பு. கார்ன்வாலிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளியின் இதே படிப்புக்குப் பெயர் நிபுணத்துவம். அவனுக்கு ஓட்டுவீடு கொடுத்தார்கள். எங்கள் ஆளுக்கு மூங்கில் தட்டி வேய்ந்த வீடு. அந்தத் தட்டி வீட்டு வரிசைகளுக்கு லைன் என்று பெயர். ஊரின் தட்பவெப்பத்தையும் கிளப்பையும் பங்களாத் தோட்டங்களையும் வைத்துத் தங்கவயலைச் "சின்ன இங்கிலாந்து" என்று இன்றும் உருகி எழுதுகிறார்கள். அந்தச் சின்ன இங்கிலாந்தைச் சுற்றி லைன் லைனாக இருந்தது பெரிய வட ஆற்காடு.

இருமிச் செத்தார் என்றேனே, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1940 முதல் 1946 வரை கோலார் சுரங்கங்களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ். கல்தூசி நுரையீரலில் படிந்து கல்லாக்கிவிடும் நோய். இந்தியாவில் இந்த நோய் மருத்துவ ஏட்டில் பதிவானதே கோலாரைக் கொண்டுதான். அதற்கு முந்தைய அறுபது ஆண்டில் இறங்கியவர்களை யார் பரிசோதித்தார்கள்? எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மார்ச்சளி. ஊரில் வந்து செத்ததால் கம்பெனிக் கணக்கிலும் வரவில்லை.

இப்போது கடைசியும் மோசமானதுமான கருத்துக்கு வருகிறேன். இரக்கத்தின் பெயரால் வருவதால் அதை மறுப்பது கடினம். அங்கே வேலை செய்தவர்கள் அடிமைகள், ஊமைகள், யாராவது ஒரு வீரன் வந்து மீட்கும்வரை சங்கிலியில் கிடந்தவர்கள் என்ற படம் அது. 2018-லும் 2022-லும் வந்த கே.ஜி.எஃப். படங்கள் இந்தச் சித்திரத்தை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. எங்கள் ஊர்ப் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தாவும் அப்படித்தான் அடிமையா இருந்தாராண்ணா?" என்று என்னைக் கேட்டார்கள். 2024-இல் பா. ரஞ்சித்தின் "தங்கலான்" வட ஆற்காட்டு மனிதனைக் கதையின் நடுவில் நிறுத்தியது. அதற்கு என் நன்றி. ஆனாலும் அது மாயமும் தொன்மமும் கலந்த புனைவு. அந்தப் பையன்களுக்கு நான் சொன்னது நடந்த செய்திகளை.

1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் "ஒரு பைசாத் தமிழன்" இதழைத் தொடங்கினார். அதைக் காசு கொடுத்து வாங்கி, கூடி உட்கார்ந்து, படிக்கத் தெரிந்தவர் படிக்க, தெரியாதவர் கேட்ட ஊர்களில் முதன்மையானது தங்கவயல். மாரிக்குப்பத்தில் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை எழுந்தது. எம்.ஒய். முருகேசர், ஜி. அப்பாதுரையார் போன்றவர்கள் அங்கிருந்து எழுதினார்கள், பேசினார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்தார். நின்றுபோயிருந்த "தமிழன்" இதழை 1926-இல் அப்பாதுரையார் மறுபடி உயிர்ப்பித்து நடத்தியது சென்னையில் அல்ல, தங்கவயலில். பண்டிதரின் நூல்கள் சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலையிலிருந்து அச்சாகி வெளிவந்தன. இன்று அயோத்திதாசரைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்குகிறவர்கள் எல்லாரும் அந்தப் பதிப்புகளுக்குக் கடன்பட்டவர்கள். பகலில் பூமிக்குள் இறங்கி, மாலையில் மேலே வந்து குளித்துவிட்டு, புத்தரைப் பற்றியும் சாதியின் பொய்யைப் பற்றியும் வாதம் செய்தவர்களை ஊமைகள் என்று எந்த வாய் சொல்லும்?

1930-இல் கம்பெனிகள் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிய வேண்டும் என்றன. சுரங்கமே நின்றது. ஒரு சங்கமும் முறையாக இல்லாத காலத்தில், கூலி உயர்வுக்காகவும் இல்லாமல், என் கைரேகையை எடுக்க நான் குற்றவாளியா என்ற ஒரே கேள்விக்காக ஆயிரக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் வேலைக்கு இறங்காமல் இருந்தார்கள். பட்டினி கிடந்தார்கள். மானத்துக்காக நடந்த வேலைநிறுத்தம் அது. ஆண்டை எதிரே தலைநிமிர முடியாத ஊர்களிலிருந்து போனவர்கள், ஒரே தலைமுறையில் அடைந்த உயரம் அது. கலிஃபோர்னியாவில் தங்கம் கண்டவன் பணக்காரன் ஆனான். எங்கள் ஆட்கள் தங்கவயலில் கண்டெடுத்தது இந்த நிமிர்வைத்தான்.

"எல்லாம் சரி, குடும்ப வரலாறு எழுத ஆதாரம் எங்கே?" என்று படித்த நண்பர் ஒருவர் கேட்டார். ஆதாரம் இல்லை என்பது தேடாதவர்கள் சொல்லும் பதில். "தமிழன்" இதழ்களில் மாரிக்குப்பத்திலிருந்தும் சாம்பியன் ரீஃப்ஸிலிருந்தும் கடிதம் எழுதியவர்களின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடுகள் உண்டு. கல்லறைகள் உண்டு. 2001 பிப்ரவரி கடைசி நாளில் சுரங்கம் மூடப்பட்டது. ஆனாலும் லைன் வீடுகளில் ஜனங்கள் இருக்கிறார்கள். சொந்தமாகப் பட்டா இல்லாத அந்த வீடுகளிலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். அவர்களிடம் உங்கள் பூர்வீகம் எது என்று கேளுங்கள். குடியாத்தம், ஆரணி, செய்யாறு, வந்தவாசி என்று நம் பக்கத்து ஊர்ப்பெயர்களைச் சொல்வார்கள். எந்த அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள் என்று கேளுங்கள். எந்த ஊர்க் கோயில், எந்தக் குலம், பெண் கொடுத்தது எங்கே, எடுத்தது எங்கே என்று முடிச்சு முடிச்சாக அவிழும்.

போன ஆடியில் வெம்பாக்கத்தில் கூழ் ஊற்றியபோது, தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மாவிடம் நான் இதைக் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர். எனக்கு எந்த வழியில் உறவு என்று எனக்கே தெரியாது. "உன் பாட்டியோட அப்பன் இருந்த லைன் எனக்குத் தெரியும் கண்ணு. எங்க வீட்டுக்கு எதிர் வரிசை" என்றார். நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விரல் விட்டு ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார். இருட்டுவதற்குள் பதினொரு வீட்டுக்காரர்களின் பெயரை எழுதி முடித்திருந்தோம். அந்த வரிசையில் இன்னும் வீடுகள் பாக்கி.